ஒன்பது வருடம் ஒரே கம்பெனி: இருப்பதா, கிளம்புவதா?

கேள்வி கேட்ட தம்பி நீளமாக எழுதியிருந்தார். சுருக்கம் இது. வயது 33, மெக்கானிக்கல் பி.இ. 2016-ல் ஒரகடத்தில் கார்களுக்குப் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் பாகங்கள் செய்யும் கம்பெனியில் டிரெயினியாகச் சேர்ந்து, இப்போது தரக்கட்டுப்பாட்டில் சீனியர் இன்ஜினியர். ஓசூரில் மின்வாகனங்களுக்குப் பேட்டரி பேக் செய்யும் ஒரு கம்பெனி 40 சதவீதம் கூடுதலாகத் தருகிறேன் என்கிறது. ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 35 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, "சோறு போட்ட இடத்தை விட்டுப் போகாதே" என்கிறார். கூடப் படித்தவர்கள் இதற்குள் மூன்று கம்பெனி மாறிவிட்டார்கள், "இன்னும் அங்கேயா இருக்கே?" என்று கேட்கிறார்கள். மேனேஜர் நல்ல மனிதர், பேப்பர் போட்டால் துரோகம் செய்வதுபோல இருக்கிறது. என்ன செய்வது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் நெடுங்காலம் மனிதவளத் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வேலைக்கு எடுத்திருக்கிறேன், ரிலீவிங் லெட்டரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஆட்குறைப்பு நடந்த மேஜையின் இந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில், அப்பாவோடு சண்டை போட வேண்டாம். அவர் சொல்வது அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு நூற்றுக்கு நூறு உண்மை. 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப் இன்றைக்கும் ரயில் பெட்டி செய்துகொண்டிருக்கிறது. அவர் தன் 35 வருடத்தைக் கொடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து ரயில்வே பாஸ், பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி, மாதம் தவறாத பென்ஷன், அவருக்குப் பின் அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் என்று எல்லாம் வந்தது. இவை யாருடைய நல்ல மனதிலும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. விதியாக எழுதி வைத்திருந்தார்கள், அதன்படி நடந்தார்கள்.

அதே பெரம்பூர் பக்கத்தில்தான் பின்னி மில்லும் இருந்தது. பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில் என்பது முழுப்பெயர். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே சங்குச் சத்தத்துக்கு எழுந்து வேலைக்குப் போன குடும்பங்கள் அங்கே உண்டு. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் பிறந்தது. 1996-ல் மில்லை மூடினார்கள். அங்கே வேலை செய்தவர்கள் உங்கள் அப்பாவைவிட உழைப்பிலோ விசுவாசத்திலோ ஒரு மாற்றுக் குறைந்தவர்கள் இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்த இரண்டு பேர், ஒரே மாதிரி உழைத்தவர்கள். ஒருவருக்குக் கடைசிவரை பென்ஷன், இன்னொருவருக்கு நடு வயதில் வேலை போச்சு. அப்பாவிடம் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசிப் பாருங்கள். அவருக்கே பின்னியில் வேலை பார்த்த யாரையாவது தெரிந்திருக்கும்.

ஆகவே 'விசுவாசமாக இருக்கலாமா' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இந்த கம்பெனியில் நான் இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுத்தில் என்ன வருகிறது, என் கைக்குப் புதிதாக என்ன வேலை வருகிறது, இந்த இரண்டையும் கேளுங்கள். முதல் கேள்விக்கான பதில் உங்கள் பே ஸ்லிப்பிலும் சட்டத்திலும் இருக்கிறது. இரண்டாவதற்கு ஷாப் ஃப்ளோரில்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களைப் போன்ற இன்ஜினியர்கள் பெரும்பாலும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. லைனில் நிற்கும் ஆபரேட்டரைவிடத் தனக்குப் பாதுகாப்பு அதிகம் என்று ஸ்டாஃப் நினைக்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் நேர் எதிர். 1947-ம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவரை ஆட்குறைப்பு செய்ய முன்னறிவிப்பு தர வேண்டும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும், அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் பொதுவாக முதலில் அனுப்ப வேண்டும். அதாவது நெடுநாள் இருப்பதற்குச் சட்டமே ஒரு மதிப்பு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் கூடுதலாக 1981-ம் வருடச் சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் 1947 சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இழப்பீடும், கடைசியாக வந்தவர் முதலில் என்ற வரிசையும் தொடர்கின்றன. ஆனால் அரசிடம் முன் அனுமதி வாங்காமல் ஆட்குறைப்பு செய்யக்கூடாது என்ற கட்டுப்பாடு, முன்பு 100 பேர் வேலை செய்த ஆலைக்கே இருந்தது, இப்போது 300 பேர் என்று ஏறிவிட்டது.

நீங்களோ மேற்பார்வை, நிர்வாகம் என்ற பக்கத்தில் இருப்பவர். உங்கள் வேலையின் தன்மையைப் பார்த்துத்தான் நீதிமன்றம் முடிவு செய்யும், பதவிப் பெயரை வைத்து அல்ல. இருந்தாலும் உங்களுக்குக் கீழே ஆட்கள், லீவு சாங்ஷன் செய்யும் அதிகாரம் என்று இருந்தால், கடைசியாக வந்தவர் முதலில் என்ற அந்த வரிசை உங்களுக்குக் கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். 'இரு தரப்பில் எவரும் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம்' என்ற ஒரு வரி இருக்கும். உங்கள் ஒன்பது வருடத்துக்குக் கம்பெனி எழுத்தில் தந்திருக்கும் வாக்குறுதி அவ்வளவுதான்: 60 நாள். 2025 ஜூலையில் டி.சி.எஸ் தன் ஆட்களில் சுமார் 2 சதவீதம், 12,000 பேருக்கு மேல் குறைப்பதாக அறிவித்தபோது, நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களைத்தான் அது முக்கியமாகத் தொடும் என்று சொன்னது. நீண்ட சேவையே ஒரு கவசம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

நெடுநாள் இருந்ததற்குப் பலன் கிடைத்த இடமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசிக் காரை வெளியே விட்டது. தொழிலாளர்கள் மாதக்கணக்கில் பேசி, போராடி, சட்டம் சொல்லும் 15 நாளுக்குப் பதிலாக, ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் 100 நாளுக்கு மேற்பட்ட ஊதியம் என்ற கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். இருபது வருடம் இருந்தவருக்கு அது பெரிய தொகை. ஆனால் அது ஒன்றாக உட்கார்ந்து பேசி வாங்கியது. தனியாக ஒரு சீனியர் இன்ஜினியர் எச்.ஆர் அறைக்குள் போய் அதைக் கேட்க முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அந்த அறைக்குள் இருந்தவன் நான்.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பியபடி இன்றைய மொத்தச் சம்பளம் மாதம் 58,000, அதில் பேசிக் 26,000. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையின் கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய பேசிக்கையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். உங்களுக்கு ஒரு வருடத்துக்குச் சரியாக 15,000. ஒன்பது வருடத்துக்கு 1,35,000. புதிய சட்டத் தொகுப்பின்படி ஊதியத்தில் பாதிக்கு மேல் படிகளாகப் பிரித்துக் காட்ட முடியாது என்பதால், உங்கள் விஷயத்தில் 29,000-ஐ அடிப்படையாக வைத்துக் கணக்கிட வேண்டிவரலாம். அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் கூடும். இந்தப் பணம் ஏற்கெனவே உங்களுடையது, இன்றைக்குக் கிளம்பினாலும் வரும். அதை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் இருக்க வேண்டாம்.

புதிய இடத்தில் என்ன ஆகும் என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை. அங்கே கிராஜுவிட்டிக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து வருடத் தொடர்ச்சியான சேவை வேண்டும். நான்கு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் இருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அது நமக்குச் சாதகம். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தத்தில் எடுக்கப்படுபவர்களுக்குப் புதிய சட்டத்தில் ஒரு வருடம் போதும். ஆனால் நிரந்தர வேலையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பவர் வாழ்நாள் முழுக்க ஒரு ரூபாய் கிராஜுவிட்டி பார்க்காமல் போகலாம். இதில் வருத்தம் என்னவென்றால், சி.டி.சி, அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு என்று காட்டும் தொகைக்குள் பேசிக்கில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி என்று சேர்த்தே எழுதியிருப்பார்கள். கைக்கு வராத பணத்தைச் சம்பளமாக எண்ணிச் சந்தோஷப்பட்டிருப்பார்.

உங்கள் 40 சதவீதத்தையும் அப்படியே பிரித்துப் பார்க்கலாம். இப்போதைய 58,000-ஐ வருடமாக்கி, கம்பெனி கட்டும் பி.எஃப், கிராஜுவிட்டி இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய ஏழரை லட்சம். ஓசூர்க்காரர்கள் சொல்வது பத்தரை லட்சம். ஆஃபர் லெட்டரின் பின்பக்கத்து அட்டவணையைப் படித்தேன். அதில் 1,14,000 வேரியபிள். கம்பெனியும் நீங்களும் இலக்கைத் தொட்டால்தான் வரும், அதுவும் வருடக் கடைசியில். பேசிக் 36,000, அதற்கான கம்பெனிப் பங்கு பி.எஃப் வருடத்துக்கு 52,000-க்குச் சற்றுக் குறைவு, கிராஜுவிட்டி 21,000-க்குச் சற்றுக் குறைவு. இவற்றைக் கழித்தால் மாதச் சம்பளம் 72,000. அதாவது 58,000-லிருந்து 72,000. 24 சதவீதம். உங்கள் பங்கு பி.எஃப் பிடித்தமும் பேசிக்கோடு சேர்ந்து மாதம் 1,200 ஏறும். அது சேமிப்புதான், ஆனால் கையில் வராது.

இப்போது தாம்பரத்தில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறீர்கள். கம்பெனி பஸ் தெருமுனைக்கு வருகிறது, கேன்டீனில் சாப்பாடு. ஓசூர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வாடகை, கரண்ட், மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்துபோகிற செலவு. இதற்கே 12,000 போதாது. மனைவி தாம்பரத்தில் பள்ளி ஆசிரியை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வேலையை விட்டு உடன் வந்தால் குடும்ப வருமானம் இன்றைக்கு இருப்பதைவிடக் குறைந்துவிடும். ஆகவே பணத்துக்காகப் போகிறேன் என்றால், போகாதீர்கள். இந்தக் கணக்கில் போவதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால், போவதைத் தீவிரமாக யோசிப்பேன். காரணம் வேறு.

நீங்கள் செய்வது எக்ஸாஸ்ட் பாகம். மின்வாகனத்தில் எக்ஸாஸ்ட் என்ற ஒன்றே கிடையாது. பிரேக், சஸ்பென்ஷன், சீட், கண்ணாடி செய்பவர்களுக்கு எந்த வண்டி வந்தாலும் வேலை இருக்கும். சைலன்சரும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் செய்பவர்களுக்கு அப்படி இல்லை. நாளைக் காலையே பெட்ரோல் கார் நின்றுவிடாது. உங்கள் கம்பெனிக்கு இன்னும் பல வருட ஆர்டர் இருக்கும். இருந்தாலும் உங்களுக்கு 33 வயது, வேலை பார்க்க வேண்டிய காலம் இன்னும் 25 வருடம். அந்த 25 வருடமும் இந்தப் பொருளை நம்பி இருக்க முடியுமா என்று பாருங்கள். ஹூண்டாய் 2025-ல் ஸ்ரீபெரும்புதூரிலேயே மின்சாரக் கிரேட்டா செய்ய ஆரம்பித்துவிட்டது. வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில் ஆலை திறந்துவிட்டது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஏதர், ஓலா ஸ்கூட்டர்கள் வருகின்றன. தமிழ்நாட்டில் கார் வேலை குறையப்போவதில்லை. காருக்குள் இருக்கும் பாகங்கள் மாறுகின்றன.

இதில் உங்களுக்கு நல்ல செய்தி ஒன்று இருக்கிறது, நீங்களே அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் வேலையை 'எக்ஸாஸ்ட் குவாலிட்டி' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தினமும் என்ன செய்கிறீர்கள் என்று யோசியுங்கள். லைனிலிருந்து ஒரு பீஸை எடுத்து, வெல்டிங் இருக்கும் இடத்தில் குறுக்கே அறுத்து, பளபளப்பாக்கி, ஆசிட் தடவி, உலோகம் எவ்வளவு ஆழம் உருகி ஊடுருவியிருக்கிறது என்று அளக்கிறீர்கள். காற்றை அடைத்து, அழுத்தம் எத்தனை நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக் கசிவு கண்டுபிடிக்கிறீர்கள். வாரண்டியில் திரும்பி வந்த சைலன்சரில் விரிசல் எங்கே தொடங்கியது, ரோபோவின் டார்ச் கோணத்திலா, பைப்பின் ஃபிட்மென்ட்டிலா, வந்த ஷீட்டிலா என்று பின்னோக்கிப் போய்ப் பிடிக்கிறீர்கள். பேட்டரி பேக்கில் முக்கியமானவையும் இவைதான். செல்களை இணைக்கும் பட்டைகளின் வெல்டிங், தண்ணீர் புகாத உறை, கூலிங் பைப்பில் கசிவு இல்லாமை. உலோகமும் முறையும் வேறு, அலுமினியமும் லேசரும் வரும், மின்சாரம் கொஞ்சம் படிக்க வேண்டும். ஆனால் கண்ணும் கையும் பழகிய விதம் அதுதான். அவர்கள் உங்களைத் தேடி வந்ததே இதற்காகத்தான் இருக்கும். இந்த ஒன்பது வருடத்தின் உண்மையான சம்பாத்தியம் இது, இதை எந்த கேட்டிலும் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

நோக்கியா விஷயத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி, உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்த ஆலை. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. பெரும்பாலோர் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்துவிட்டு வந்த இளம்பெண்கள், இளைஞர்கள். கம்பெனி மேல் அவ்வளவு பற்று. மூடிய பிறகு, சர்க்யூட் போர்டில் சிறு பாகங்களைப் பொருத்தும் எஸ்.எம்.டி லைனைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் டெஸ்டிங் தெரிந்தவர்களும் ஓரளவு சீக்கிரம் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஸ்டேஷனில் ஒரே ஸ்க்ரூவை எட்டு வருடம் முடுக்கியவர்கள் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள், அது அவர்கள் குற்றம் இல்லை. அவர்களை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றிக் கற்றுத்தர வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது. பின்னால் அந்த வளாகத்தையே போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது, பக்கத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. வேலை அதே ஊருக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இடையில் அந்தப் பெண்கள் கல்யாணமாகி எங்கெங்கோ போய்விட்டார்கள், வயதும் கூடிவிட்டது, புதிதாக எடுப்பவர்கள் பதினெட்டு, இருபது வயதைத் தேடினார்கள். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மனசு கேட்பதில்லை.

இப்போது உங்கள் நண்பர்கள். மூன்று கம்பெனி மாறியவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம், கேலியும் செய்ய வேண்டாம். சம்பளம் ஏறியிருக்கும், உண்மைதான். வெளியிலிருந்து வருபவருக்குச் சந்தை விலை கொடுப்பதும், உள்ளே இருப்பவருக்கு எட்டு, ஒன்பது சதவீத அப்ரைசல் கொடுப்பதும் நம் கம்பெனிகளின் பழக்கம். உள்ளே இருப்பவர் போக மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அது நடக்கிறது. இது நியாயமே இல்லை என்று நான் உள்ளே இருந்தபோதும் சொல்லியிருக்கிறேன். அதனால் மாறுபவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆட்டோமொபைலில் ஒரு விஷயம் உண்டு. ஒரு புதிய பாகம் டிராயிங்காக வந்து, அதற்கான டை என்ற அச்சு செய்து, ட்ரையல் ஓட்டி, கஸ்டமர் அப்ரூவல் வாங்கி, முழு உற்பத்திக்குப் போக இரண்டு வருடம் சாதாரணமாக ஆகும். அது ரோட்டில் ஓடி, மழையில் நனைந்து, வாரண்டியாகத் திரும்பி வர இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம். பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுபவர் தான் எடுத்த முடிவு சரியா தப்பா என்று ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். நேர்முகத் தேர்வில் இது தெரிந்துவிடும். 'உங்க பார்ட் ஃபீல்டுல ஃபெயிலாகி வந்தப்ப என்ன பண்ணீங்க?' என்று கேட்பேன். நெடுநாள் ஒரே இடத்தில் இருந்தவர் அரைமணி நேரம் பேசுவார். அடிக்கடி மாறியவர் புத்தகத்தில் இருப்பதைச் சொல்வார். அதனால்தான் ஒரு இடத்தில் குறைந்தது ஒரு பொருளின் முழு வாழ்க்கையையாவது பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் என்று இளையவர்களிடம் சொல்வேன். நீங்கள் அதைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. உங்களிடம் நான் கேட்பது, கடைசியாகப் புதிதாக ஒன்று கற்றுக்கொண்டது எப்போது? உங்கள் கடிதத்தில் 2022-க்குப் பிறகு நடந்த எதையும் நீங்கள் எழுதவில்லை.

துரோகம் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம், அந்த உணர்ச்சியை நான் லேசாக எடுக்கவில்லை. டிரெயினியாக வந்தபோது உங்களுக்கு டிராயிங் படிக்கக் கற்றுத்தந்தவர், கஸ்டமர் கத்தியபோது முன்னால் நின்று தாங்கிக்கொண்டவர், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது லீவு கேட்காமலே அனுப்பிவைத்தவர், அந்த மேனேஜருக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கடன் அவருக்கு. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அது இல்லை. நாளைக்கு ஆட்குறைப்புப் பட்டியல் மேலிருந்து வந்தால் அவர் பெயரே அதில் இருக்கலாம். அவருக்கு நீங்கள் செய்ய வேண்டியது, விஷயத்தை வேறு யார் வாயிலாகவும் தெரியவிடாமல் நேரில் போய்ச் சொல்வது, நோட்டீஸ் காலம் முழுக்க முதல் நாள் மாதிரியே வேலை பார்ப்பது, உங்கள் இடத்துக்கு வருபவருக்கு ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் கற்றுத்தருவது. இதைச் செய்துவிட்டுப் போனவர்களுக்கு நான் பத்து வருடம் கழித்தும் போன் எடுத்து நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறேன்.

எனவே நான் சொல்லும் வரிசை இது. பேப்பர் போடுவதற்கு முன் மேனேஜரிடம், ஆஃபர் இருப்பதைச் சொல்லாமல், ஒரு கேள்வி கேளுங்கள்: நம் கம்பெனி மின்வாகனத்துக்கு ஏதாவது பாகம் எடுக்கிறதா, எடுத்தால் அந்த டீமில் என்னைப் போடுவீர்களா? எக்ஸாஸ்ட் செய்யும் கம்பெனிகள் சில, பேட்டரி உறை, கூலிங் பாகங்கள் பக்கம் திரும்பப் பார்க்கின்றன. உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு திட்டம் எழுத்தில் இருந்து, ஆறு மாதத்துக்குள் உங்களை அதில் சேர்க்கிறார்கள் என்றால், இருங்கள். தாம்பரம் வீடு, மனைவி வேலை, அறிந்த ஆட்கள், எல்லாம் கையில் இருக்கும், ஓசூரில் கற்கப்போவதை ஒரகடத்திலேயே கற்கலாம். 'பார்க்கலாம் தம்பி, அடுத்த வருஷம்' என்ற பதில் வந்தால் உங்களுக்குத் தெளிவாகிவிடும். சம்பளத்தை ஏற்றித் தருகிறோம் என்று மட்டும் சொன்னால் அதை ஏற்காதீர்கள். பொருள் மாறவில்லை என்றால் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

ஓசூர்க்காரர்களிடமும் பேரம் பேசுங்கள். அவர்களுக்கு நீங்கள் தேவை. வேரியபிளில் பாதியை நிலையான சம்பளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், முதல் மூன்று மாதம் தங்க இடம் கேளுங்கள். யாருக்குப் பேக் செய்கிறார்கள், ஒரே ஒரு வாடிக்கையாளரா, எத்தனை வருட ஆர்டர் என்று நேரடியாகக் கேளுங்கள். புதிய துறை என்பதால் ஆர்டர் போய் ஆலையே சுருங்கும் ஆபத்து அங்கேயும் உண்டு. டிரெயினிங் பாண்ட் இருந்தால் ஒவ்வொரு வரியும் படியுங்கள். ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, ஆகவே 'பாண்டெல்லாம் சும்மா' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மறுபக்கம், விலகிய பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று இப்போதைய ஆர்டரில் எழுதியிருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி பொதுவாக அது செல்லாது. டிராயிங், கஸ்டமர் ரிப்போர்ட் எதையும் பென்டிரைவில் எடுத்துப் போகாதீர்கள். அது வேறு விஷயம், அதற்கு வழக்கு உண்டு.

மனைவி முதல் ஆறு மாதம் தாம்பரத்திலேயே இருக்கட்டும். நீங்கள் மட்டும் போய், ப்ரொபேஷன் முடிந்து, ஆலையின் நிலவரத்தை உள்ளிருந்து பார்த்த பிறகு குடும்பத்தை மாற்றுவது பற்றி இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். ஆசிரியை வேலை ஓசூரிலும் கிடைக்கும், ஆனால் அவருடைய சீனியாரிட்டியும் ஒரு சீனியாரிட்டிதான். உங்கள் முன்னேற்றத்துக்கு அவருடையதை யோசிக்காமல் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது.

கடைசியாக பி.எஃப். புதிய இடத்தில் யு.ஏ.என் என்ற அதே பி.எஃப் எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்துவிடாதீர்கள். வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப்-பைத் துடைத்து எடுத்து பைக் வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பி.எஃப்-போடு இணைந்த பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தால் பென்ஷனுக்கான சேவைக் காலமும் போய்விடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும், உங்களுக்கு ஒன்பது ஆகிவிட்டது, மாற்றிக்கொண்டால் ஓசூரில் ஒரு வருடம் முடிக்கும்போது தகுதி வந்துவிடும். தொகை பெரிதில்லை. 15,000 என்ற உச்சவரம்பை வைத்துக் கணக்குப் போட்டால் 35 வருடச் சேவைக்கே மாதம் 7,500 ரூபாய்தான். அப்பாவின் பென்ஷனோடு ஒப்பிட்டுவிடாதீர்கள், அதனால்தான் தனியாகச் சேமிக்கவும் வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பிறகு சேர்ந்தவர்களில், சேரும்போதே பேசிக் 15,000-க்கு மேல் இருந்தவர்களுக்கு இந்தப் பென்ஷன் திட்டம் கிடையாது. நீங்கள் டிரெயினியாகச் சேர்ந்ததால் உள்ளே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், 2016-ன் முதல் பே ஸ்லிப்பைத் தேடிப் பார்த்துவிடுங்கள். பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு என்ற கட்டத்தில் மாதாமாதம் தொகை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிளம்பும் நாளில் ரிலீவிங் லெட்டர், சர்வீஸ் சர்ட்டிபிகேட் இரண்டையும் வாங்குங்கள், விலகிய தேதியை பி.எஃப் தளத்தில் ஏற்றிவிட்டார்களா என்று அடுத்த மாதம் சரிபாருங்கள். அந்தத் தேதி ஏறவில்லை என்றால் கணக்கை மாற்றுவதில் சிக்கல் வரலாம்.